நாலு டிகிரி

"பஸ் வந்துடுச்சாக்கா?" என்று யாராவது கேட்டால், "சத்தம் கேட்டுது. பாக்கல" என்பார். மழை வருமா என்று கேட்டால் வராண்டாவுக்குப் போய் மலைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு வந்துதான் வாயைத் திறப்பார். அதுவும், "மலை மேல மேகம் இருக்குது. மழைய இன்னும் பாக்கல" என்ற அளவுக்குத்தான். இப்படி ஒரு மனுஷியோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தால் எவனுக்கும் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது.

அவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர். ஊர்க்காரர்களுக்கு மாத்திரை அம்மா, எனக்கு அக்கா. ஊர்ப் பெயர் வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம், கிரிவலப் பாதையைத் தாண்டி உள்ளே என்று சொன்னால் போதும். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். வேர்க்கடலைக் கொல்லையில் வெயிலில் காயப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் படித்து, அந்த நிலையத்தின் விவரங்களைப் பதிவேற்றும் ஒப்பந்த வேலைக்கு வந்தவன். என் தங்கை சுமதியை அந்த ஊரிலேயே கட்டிக் கொடுத்திருந்தோம்.

அக்கா வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த இரண்டாவது வாரம், எனக்கு ஒரு நாள் லீவு தேவைப்பட்டது. 'காய்ச்சல் காரணமாக' என்று எழுதி மேஜையில் வைத்திருந்தேன். எட்டிப் படித்தார். தெர்மாமீட்டரை உதறி என் வாயில் செருகினார். பிறகு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. காய்ச்சல் இல்ல. எங்க போற?"

"பொண்ணு பாக்கக்கா."

"அப்ப அதையே எழுது. அதுவும் ஒரு காரணந்தான?"

பெண் பார்க்கப் போவதால் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் அமையவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் அறையின் மூலையில் தடுப்பூசி மருந்துப் பெட்டி இருந்தது. ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, மேல்பக்கம் மூடி திறக்கிற மாதிரி, அப்படி ஒரு குளிர்பெட்டி. குழந்தைகளுக்குப் போடும் மருந்து அத்தனையும் அதற்குள்தான். உள்ளே குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. காலையிலும் மாலையிலும் மூடியைத் திறந்து, தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, பெட்டி மேல் இருக்கும் அட்டையில் எழுதவேண்டும். இது விதி.

வழக்கம் வேறு. முதல் தேதியன்றே உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் எழுதிவிடுவோம். எல்லா நாளும் நாலு. எனக்கு முன்னால் இருந்தவன் வேறு வேறு நாளில் எழுதியது போலத் தெரிய இரண்டு பேனா வைத்திருந்தானாம். நான் அவனைவிடக் கெட்டிக்காரன். நடுநடுவே ஒரு அஞ்சு, ஒரு மூணரை என்று தூவிவிடுவேன். பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வரவேண்டாமா?

அக்கா வந்த முதல் நாள் அந்த அட்டையைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார்.

"இன்னைக்கு இன்னா தேதி தம்பி?"

"ஆறுக்கா."

"இருபத்தி மூணாந்தேதி சாயந்தரம் மூணரைனு போட்டிருக்குது. ஜோசியம் பாப்பியா நீ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அட்டையை இரண்டாகக் கிழித்தார். "மேல ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்குக் கண்ணு கெடையாது தம்பி. அவங்க சென்னையில இருக்காங்க, டெல்லியில இருக்காங்க. இந்த அட்டதான் அவங்களுக்குக் கண்ணு. அதுல நீ மண்ணள்ளிப் போடற" என்றார். புது அட்டையில் ஆறாம் தேதிக் கட்டத்தில் ஒன்பது என்று எழுதினார். அதற்கு முந்தைய ஐந்து கட்டங்களிலும் 'பார்க்கவில்லை' என்று எழுதினார்.

அன்று மத்தியானமே பெட்டிக்குள்ளிருந்த டாக்டரின் தயிர் டப்பாவும் ஆயாம்மாவின் மல்லிகைப் பொட்டலமும் வெளியே வந்தன. தயிர் புளித்துப் போனதற்கு டாக்டர் என்னைத் திட்டினார். அக்காவைத் திட்ட அவருக்குத் தைரியம் இல்லை.

அதன்பிறகு அட்டையில் உள்ளதெல்லாம் உள்ளபடி ஏறியது. ஒன்பது. பதினொன்று. கரண்ட் இல்லை. ஏழு. மறுபடி பத்து. மாதம் தவறாமல் அட்டையின் நகலோடு ஒரு கடிதமும் போகும். பெட்டி பழையது, ஸ்டெபிலைசர் வேலை செய்யவில்லை, மாற்றித் தரவேண்டும். "நல்லா இருக்குதுனு எழுதினா எவன் புதுசு குடுப்பான்? கெட்டுப்போச்சுனு எழுதினாத்தான் குடுப்பான்" என்பார். அரசாங்கத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஓர் ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு நாள் பதில் வந்தது. பெட்டி வரவில்லை, மெமோ வந்தது. மாவட்டத்தின் மற்ற எல்லா நிலையங்களிலும் குளிர்நிலை சரியாகப் பராமரிக்கப்படும்போது தங்கள் நிலையத்தில் மட்டும் ஏன் இந்தக் குறைபாடு, பொறுப்பாளர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா மெமோவைக் கோப்பில் வைத்துவிட்டு, "மத்தவங்க யாரும் பாக்கல. அதான் அங்கல்லாம் நல்லா இருக்குது" என்றார். மறுமாதமும் கடிதம் எழுதினார்.

டாக்டர் கெட்டவர் இல்லை. இன்னொரு டாக்டர் பணியிடம் நிரப்பப்படாமலே கிடந்ததால் இரண்டு நிலையங்களை ஒற்றை ஆளாகப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டைப் பாதி நாள் நின்றுகொண்டே சாப்பிடுவார். அந்த வருஷம் எங்கள் நிலையத்தைத் தரச் சான்றுக்கு விண்ணப்பித்திருந்தார். சான்று கிடைத்தால் நிதி வரும், அதில் ஜெனரேட்டர் வாங்கி அந்தப் பெட்டிக்கே மாட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. "அம்மா, நீங்க கேக்கறதத்தான் நானும் கேக்கறேன். நீங்க ரோட்டுல போறீங்க, நான் சந்துல போறேன்" என்று அக்காவிடம் சொல்வார். அக்கா அடுத்த கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பார். சான்றுக் குழு ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக முடிவானது.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதை நெடுகக் கடைகளும் அன்னதானப் பந்தல்களும் விளக்காய் எரியும். எங்கள் லைனில் வோல்டேஜ் கம்மியாகிவிடும். திங்கட்கிழமை காலை அக்கா மூடியைத் திறந்தபோது பெட்டிக்குள் பன்னிரண்டு டிகிரி. சிவப்பு மையில் எழுதிவிட்டு, மருந்து வாங்க டவுனுக்குப் போய்விட்டார். மத்தியானம் டாக்டர் வந்து அட்டையைப் பார்த்தார். கரண்ட் ஒழுங்காக வந்துவிட்டிருந்தது. குளிரைக் கூட்டும் திருகைக் கடைசி வரை திருகினார்.

"நல்லா ஜில்லுனு ஆவட்டும். ரெண்டு நாள் விட்டத சேத்துப் புடிச்சிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குளிர்பெட்டி என்றால் குளிர் ஜாஸ்தியானால் நல்லதுதானே?

செவ்வாய்க்கிழமை காலை தெர்மாமீட்டரில் மைனஸ் இரண்டு. குப்பிகளின் மேல் பனி வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"சூடு பட்டா கூட கொஞ்ச நேரம் தாங்கும் தம்பி. ஒறஞ்சா இந்த மருந்து செத்துடும். கண்ணுக்குத் தெரியாது. கொழந்தைக்கு ஊசியும் ஏறும், அழுகையும் வரும், மருந்து மட்டும் வேல செய்யாது."

கக்குவான், தொண்டை அடைப்பான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை மாதக் குழந்தைக்குப் போடுகிற மருந்து அது. ஒரு குப்பியை எடுத்து உருகவிட்டு, குலுக்கி, மேஜை மேல் வைத்தார். "பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாய்த் திப்பி அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. நல்ல மருந்து அப்படிச் சீக்கிரம் பிரியாதாம். பார்த்தேன். மறுக்கவே முடியாதபடி என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அக்கா எல்லாக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். அட்டையில் மைனஸ் இரண்டு என்று எழுதினார்.

மறுநாள் புதன்கிழமை. எங்கள் ஊர்களில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். டாக்டர் பையையும் பார்த்தார், அட்டையையும் பார்த்தார். அவர் முகம் அழுகிறவன் முகம் போல் ஆகிவிட்டது. மருந்தைத் திருப்பி அனுப்பினால் விசாரணை வரும், வெள்ளிக்கிழமை போய்விடும், ஜெனரேட்டர் போய்விடும். செவ்வாய்க்கிழமை சாயந்தரமே அக்காவுக்கு ஓர் உத்தரவு கொடுத்தார். புதன்கிழமை முழுவதும் மாவட்ட அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. போயே ஆகவேண்டும்.

புதன்கிழமை காலையில் டாக்டர் என்னிடம் ஒரு புது அட்டையை நீட்டினார். "ஒண்ணாந்தேதியிலேருந்து எழுதிடுப்பா. உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்றார். என் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பது அவர் கையெழுத்துதான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு, நாலு, அஞ்சு, நாலு என்று எழுதினேன். பழைய அட்டையையும் பையில் ஒட்டியிருந்த தாளையும் கிழித்ததும் நான்தான். குப்பிகள் பெட்டிக்குள் திரும்பிப் போயின.

எட்டு மணிக்கே வரிசை நின்றுவிட்டது. வரிசையில் சுமதி நின்றாள், கையில் ஒன்றரை மாதக் குழந்தையோடு. "கொஞ்சம் முன்னால விடேண்ணா, வெயிலா இருக்குது" என்று சிரித்தாள். இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். சுற்றி நிற்கும் இத்தனை பேருக்கும் கேட்கும். நான் குழந்தையின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவளை வரிசையில் முன்னால் விட்டேன். அண்ணன் செய்த உதவி.

வியாழக்கிழமை காலை அக்கா வந்ததும் புது அட்டையைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து குப்பிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்கா. நாலு."

அப்பேர்ப்பட்ட ஆளிடம் போய் 'பாத்தேன்' என்ற சொல்லைச் சொன்னேன். அவர் பதிவேட்டை எடுத்து, முந்தின நாள் பெயர்களின் மேல் விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது உன் தங்கச்சி கொழந்த தான?"

"ஆமாக்கா."

"அடுத்த புதன் இந்தக் கொழந்தங்க எல்லாத்தையும் திரும்ப வரச்சொல்லு. நல்ல மருந்து வாங்கியாறேன். திரும்பப் போட்டுடலாம்."

போட்டாயிற்று என்று பதிவான ஊசியை மறுபடி போட வேண்டுமானால் காரணம் எழுதவேண்டும். காரணத்தை யார் எழுதுவது? நான் யாரையும் வரச் சொல்லவில்லை. சுமதியைக் கூட. அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று ராத்திரி யோசித்தேன், நாலாவது ராத்திரி தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்த குழு என் அட்டையைப் பார்த்து மெச்சியது. அக்கா மேலிடத்துக்கு எழுதிய புகார், மருத்துவ அலுவலர் மீதுள்ள சொந்தப் பகையால் எழுதியது என்று முடிந்தது. அந்த மாதத்துக்குள் அவருக்கு ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தது. ஊரில் ஒருத்தருக்கும் ஏன் என்று தெரியாது. விடுவிப்பு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே கடைசி நாள் சாயந்தரமும் மூடியைத் திறந்து பார்த்தார். பத்து என்று எழுதிவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பியதும் அந்த அட்டையையும் மாற்றினோம்.

சான்று கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டினோம். நிதியும் வந்தது. அதில் வாசலுக்கு டைல்ஸும் பெரிய பெயர்ப் பலகையும்தான் போடவேண்டும் என்று மேலிருந்து சொன்னார்கள். ஜெனரேட்டர் எதற்கு, உங்கள் பெட்டிதான் நாலிலேயே நிற்கிறதே என்று கேட்டார்களாம். டாக்டர் இதை என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுமதியின் குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்த சமயத்தில் இருமல் ஆரம்பித்தது. சாதாரண இருமல் இல்லை. இருமி இருமி முகம் நீலம் பாரித்து, கடைசியில் மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல். டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கக்குவான் என்றார்கள். "ஊசி போட்டமேண்ணா, நீதான முன்னால விட்ட. அப்புறம் எப்படிண்ணா வந்துச்சு?" என்று சுமதி கேட்டாள். ஒரு தவணை மட்டும் போட்ட குழந்தைக்கு வரவும் கூடும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். உண்மையாகவே அப்படித்தானோ என்னவோ. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அதை நான்தான் கிழித்துப் போட்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலிலும் அதே இருமல். "நமக்குப் பின்னாடி வரிசையில நின்னுச்சே, அந்தப் பொண்ணோட கொழந்தண்ணா" என்றாள் சுமதி. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் நான் போனபோது அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுமதி தன் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் குழந்தை பிழைத்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தண்ணீர் குடித்துப் புரையேறினால் கூட நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஒரே ஊரில் இரண்டு குழந்தைக்குக் கக்குவான் என்றதும் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். "குளிர் சரியா இருந்திருக்குது" என்று குறித்துக்கொண்டார். தாய்மார்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கை முடிந்தது. எட்டு மணிக்கே வந்து வெயிலில் நின்ற தாய்மார்கள்.

அறிக்கை தவறாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் அனுப்புகிறவன் என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில்தான் மாவட்ட அலுவலகத்துக்கு வந்தேன். எங்கள் திரையில் ஒவ்வொரு நிலையமும் ஒரு கட்டம். குளிர் சரியாக இருந்தால் பச்சை. எல்லாம் பச்சை. பச்சை குறைந்தால் கூட்டத்தில் என் மேலதிகாரி நிற்கவைக்கப்படுவார், பிறகு அவர் என்னை நிற்கவைப்பார். பெட்டிக்குள் வைத்தால் தானே குளிரை அளந்து அனுப்புகிற கருவியும் இப்போது வந்துவிட்டது. மலை ஊர்களில் டவர் எடுப்பதில்லை. எடுக்காத இடத்தில் பழையபடி அட்டை, பழையபடி கையால். வருஷத்துக்கு ஒரு தடவை ஒருவர் போய் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வரவேண்டும்.

போன வருஷம் மலைக்குப் போகும் முறை எனக்கு வந்தது.

அக்கா அங்கே இருப்பார் என்று தெரிந்துதான் போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு திட்டு திட்டுவார், வாயில் தெர்மாமீட்டரைக் கூட வைப்பார், அத்தனையும் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"வாங்க சார்."

"அக்கா, என்னைத் தெரியலையா?"

"தெரியுது சார். ஒக்காருங்க. தங்கச்சி கொழந்த எப்படி இருக்குது?"

"நல்லா இருக்காக்கா." ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தேன்.

மூலையில் பெட்டி. மூடி மேல் அட்டை. அன்றைக்குத் தேதி பதினாலு. அட்டையில் முப்பது வரைக்கும் எழுதியிருந்தது. காலை நாலு, மாலை நாலு. அஞ்சு கிடையாது, மூணரை கிடையாது. அவருடைய கையெழுத்துதான். சிரிக்க முயன்றேன்.

"இன்னாக்கா, ஜோசியம் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு வருசம் இருக்கறத எழுதினேன் சார். எட்டு மெமோ. யாரும் ஏறி வரல. பாத்தா எழுதணும். அதான் பாக்கறதில்ல."

பெட்டியிலிருந்து ஓடுகிற சத்தம் வரவில்லை. நின்று நின்று ஓடுகிற பெட்டிதான், அப்போது நிற்கிற நேரமாகவும் இருக்கலாம். என் கை மூடியின் மேல் இருந்தது. அக்கா திரும்பி என் கையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அந்தப் பழைய பார்வை, வராண்டாவுக்குப் போய் மலையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. திறந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ. திறந்து, ஒருவேளை பதினைந்து இருந்தால் நான் எழுதவேண்டும். எழுதினால் ஒரு கட்டம் சிவப்பாகும். என் அலுவலகத்தில் மாற்றுப் பெட்டி ஒன்று கூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கையை எடுத்துக்கொண்டேன். 'நேரில் பார்த்த வெப்பநிலை' என்ற கட்டத்தில் நாலு என்று எழுதினேன். அக்கா, "டீ சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிறந்து இரண்டு மாதம் கூட இருக்காது. என் கையிலிருந்த கோப்பைப் பார்த்து எழுந்தாள்.

"சார், நாளைக்குப் புதன்கெழம ஆச்சே. ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா. காலையிலயே வந்துடு" என்றேன்.